மைட்டோஃபிஷ்: காசில்லாமல் கிடைப்பதில் நல்ல சரக்கு

மீனின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வரிசையைக் கையில் வாங்கிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று முழிக்கும் ஆராய்ச்சி மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வளிமண்டல, பெருங்கடல் ஆய்வு நிறுவனத்தில் உருவான மைட்டோஃபிஷ் என்ற இணையத் தரவுத்தளம், அதற்குள்ளேயே இருக்கும் மைட்டோஅனோட்டேட்டர், மைஃபிஷ் ஆகிய கருவிகள் பற்றியது. எல்லாமே இலவசம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீனின் மைட்டோஜீனோமில், அதாவது மைட்டோகாண்ட்ரியாவின் முழு டிஎன்ஏவில், எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று குறித்துத் தருவதில் இதைவிடக் கைக்கு அடக்கமான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த மீன் எந்த மீனுக்கு உறவு என்ற கேள்விக்கு இதுவே பதில் சொல்லிவிடும் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். அந்த வேலை நம்முடையது.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் பிடிபடும் மீன்கள்தான் எங்கள் சரக்கு. துறைமுகத்தில் ஏலம் முடிவதற்குள் போய், துடுப்பில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எத்தனாலில் போட்டுக்கொண்டு வருவோம். ஃபார்மலினில் ஊறிய மீன் வேண்டவே வேண்டாம். அது டிஎன்ஏவை நொறுக்கிப் பின்னிவிடும், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் ஒன்றும் வராது. அருங்காட்சியகங்களில் ஜாடி ஜாடியாக மீன் இருந்தும் மூலக்கூறு ஆய்வுக்கு அதில் பெரும்பகுதி உதவாமல் போவதற்கு இதுதான் காரணம்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ எதற்கு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்தில் எழுதியது. உட்கருவில் இருப்பது கோடிக்கணக்கான எழுத்து. மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது மீன்களில் சுமார் 16,500 எழுத்து, வட்டமாக. அதில் 37 மரபணு: புரதத்துக்கு 13, ரைபோசோம் ஆர்என்ஏவுக்கு 2, புரதம் கட்ட அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏவுக்கு 22. பிறகு டி-லூப் என்று நாங்கள் சொல்லும் கட்டுப்பாட்டுப் பகுதி. ஒரு செல்லில் இதன் நகல்கள் ஏராளம், அதனால் துளி திசுவிலிருந்தும் எடுத்துவிடலாம். தாயிடமிருந்து மட்டும் வருவதால் தாய், தகப்பன் டிஎன்ஏ கலந்து குழப்பாது. உட்கரு டிஎன்ஏவைவிட வேகமாக மாறுவதால் கிட்டத்து உறவுகளையும் பிரித்துக் காட்டும்.

பெரும்பாலானவர்கள் இதில் ஒரே ஒரு மரபணுவோடு நிறுத்திவிடுவார்கள்: சிஓஐ, அதாவது டிஎன்ஏ பார்கோடு. 2005ல் ஆஸ்திரேலியாவில் பாப் வார்டு குழுவினர் 207 மீன் இனங்களில் சுமார் 655 எழுத்தைப் படித்துக் காட்டிய கட்டுரைதான் இதற்கு அடித்தளம். அவர்கள் வடிவமைத்த பிரைமர்களை (பிசிஆரில் நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டுகள்)த்தான் இன்றும் எங்கள் ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். அந்தக் கட்டுரையின் எண்களை ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள். ஒரே இனத்துக்குள் சராசரி வித்தியாசம் 0.39 சதவீதம். ஒரே பேரினத்து இனங்களுக்கிடையே 9.93. குடும்ப அளவில் 15.46. வரிசை (ஆர்டர்) அளவில் 22.18. வகுப்பு அளவில் 23.27. கடைசி இரண்டையும் கவனித்தீர்களா? உறவு எவ்வளவோ தூரம் போய்விட்டது, எண் அசையவே இல்லை. ஒரே இடத்தில் எழுத்து மாறி, மறுபடி மாறி, பழையபடி திரும்பியும் விடுவதால் பழைய தடயம் அழிந்துவிடுகிறது. இது விளமீனா, களவாயா என்று கேட்டால் பார்கோடு பதில் சொல்லும். களவாயும் பாரையும் எப்போது பிரிந்தன என்று கேட்டால் திணறும். அதற்கு முழு மைட்டோஜீனோம் வேண்டும். அங்கேதான் மைட்டோஃபிஷ் வருகிறது.

மைட்டோஅனோட்டேட்டரில் வேலை எளிது. டிஎன்ஏ எழுத்துகள் உள்ள ஃபாஸ்டா கோப்பைக் கொடுக்க வேண்டும், வரிசை முழு வட்டமா, துண்டா என்று சொல்ல வேண்டும், பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஒரு ஜீனோமுக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் என்று 2013ல் வெளியான அறிமுகக் கட்டுரையில் போட்டிருந்தார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிடுகிறது. எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணையும், வட்டப்படமும் கிடைக்கும்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மாணவர்கள் அதை ஆய்வேட்டில் ஒட்டுவதற்கு மட்டும்தான் பார்க்கிறார்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் கனமான இழையில் இருக்கும் மரபணுக்கள் வட்டத்துக்கு வெளிப்பக்கம், லேசான இழையில் இருப்பவை உள்பக்கம். சாதாரண மீனில் உள்பக்கம் இருக்கும் புரத மரபணு ஒன்றே ஒன்றுதான், என்டி6. அதோடு எட்டு டிஆர்என்ஏ. உள்வளையத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரிவது ஜிசி அளவு, அதாவது ஜி, சி எழுத்துகளின் பங்கு, ஐந்து எழுத்துக்கு ஒரு கோடு, அடர்த்தியாக இருந்தால் ஜிசி அதிகம். பழகிவிட்டால் படத்தைப் பார்த்ததுமே சரியா தப்பா என்று கண் சொல்லிவிடும்.

எங்கள் மாணவி ஒருத்தி நாக்கு மீனின் ஜீனோமைப் போட்டுவிட்டு, கதிகலங்கி வந்து நின்றாள். குளூட்டமின் டிஆர்என்ஏ உள்பக்கம் இருக்க வேண்டியது வெளிப்பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதி வழக்கமான இடத்தில் இல்லாமல் என்டி1 மரபணுப் பக்கம் போயிருக்கிறது. “சார், அசெம்பிளி தப்பாயிருச்சு போல” என்றாள். அசெம்பிளியில், அதாவது துண்டு துண்டான வாசிப்புகளை ஒட்டிச் சேர்த்ததில், ஒரு தப்பும் இல்லை. சைனோகுளோசஸ் பேரினத்து நாக்கு மீன்களில் அப்படித்தான் இருக்கும், சீனாவின் அரை வழுவழுப்பு நாக்கு மீனில் 2009லேயே பதிவானது. எழுத்து மாற்றம் போல இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. இழை மாறி, இடம் மாறி, அதே மாதிரி இரண்டு மீன்களில் தனித்தனியாக நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் இந்த ஏற்பாடு தெரிந்தாலே உறவுக்கு ஒரு வலுவான சாட்சி. கிளி மீன்களிலும் இதுபோல டிஆர்என்ஏ வரிசை குலைந்திருப்பதை ஜப்பானியக் குழு 2004ல் காட்டியது. இப்படி வித்தியாசமான ஏற்பாட்டையும் வலுக்கட்டாயமாக வழக்கமான வரிசையில் அடைக்காமல், உள்ளபடி காட்டியது இந்தக் கருவிக்கு ஒரு மதிப்பெண்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால்? ஜெர்மனியில் உருவான மைட்டோஸ் எல்லா விலங்குகளுக்கும் பொதுவானது. இறாலும் நண்டும் சிப்பியும் வைத்திருப்பவர்கள் அதற்குத்தான் போக வேண்டும், மைட்டோஃபிஷ் மீனைத் தவிர எதையும் தொடாது. ஆனால் மீனுக்கு மைட்டோஸில் மரபணு எல்லைகளைக் கையால் திருத்தும் வேலை எனக்கு அதிகமாக இருந்தது. முக்கியமாக முடிவுப் பக்கத்தில். மீன் மைட்டோகாண்ட்ரியாவில் சில மரபணுக்கள் வெறும் ‘டி’ அல்லது ‘டிஏ’ என்று அரைகுறையாக நின்றுவிடும், ஆர்என்ஏ ஆன பிறகு வால் ஒட்டும்போதுதான் நிறுத்தக் குறி முழுமையாகும். சிஓஐ ‘ஜிடிஜி’ என்று தொடங்கும். உட்கரு மரபணுவுக்கான பொதுக் குறியீட்டைப் போட்டு மொழிபெயர்த்தால் ‘டிஜிஏ’ வரும் இடமெல்லாம் நிறுத்தம் என்று காட்டும். முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். இந்த விவகாரம் எல்லாம் தெரிந்த ஆட்கள் எழுதிய கருவி என்பது பயன்படுத்தும்போதே தெரிகிறது.

இன்னொரு நல்ல காரியம், ஏற்கெனவே வெளியான மீன் ஜீனோம்களையும் இவர்களே மறுபடி குறித்து வைத்திருக்கிறார்கள். ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் இருப்பது யார் போட்டாலும் ஏறும் சரக்கு. இழை மாறிக் குறித்தது, எல்லை தப்பியது என்று எல்லாம் இருக்கும். பத்து இனங்களை ஒப்பிடும்போது பத்தும் ஒரே அளவுகோலில் குறிக்கப்பட்டிருந்தால் பாதித் தலைவலி போய்விடும். அங்கிருந்தே மீனின் வாழிடம், வகைப்பாடு பற்றிய மற்ற தளங்களுக்கும் இணைப்பு உண்டு.

சரி, இத்தனை ஜீனோமைச் சேர்த்து என்ன தெரிந்துகொண்டோம்? மீன் கடையில் பலகை மேல் அடுக்கியிருப்பதை வைத்தே சொல்கிறேன். சூரை, சீலா (வஞ்சிரம்), அயிலை மூன்றும் ஒரே குடும்பம், இது பழைய செய்தி. வெள்ளை வாவலும் சாவாளையும் அவற்றுக்குக் கிட்டத்துச் சொந்தம் என்று யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? ஒன்று தட்டு மாதிரி, ஒன்று பெல்ட் மாதிரி. ஜப்பானின் சிபாவில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மசாகி மியா குழுவினர் 2013ல் சூரைக் குடும்பத்தோடு இன்னும் 14 குடும்பங்களைச் சேர்த்து ஒரே கிளை என்று காட்டினார்கள். டைனோசர்கள் அழிந்ததற்குப் பிந்தைய காலத்தில், திறந்த கடலில் வேகமாகப் பல்கிப் பிரிந்த கூட்டம் அது. அதே சமயம் மயில் மீன் இந்தக் கூட்டத்திலேயே இல்லை. உருவமும் வேகமும் சூரை போல இருந்தாலும் அது பாரை, நாக்கு மீன் பக்கத்து ஆள். அதைவிட வேடிக்கை கருவாவல். வெள்ளை வாவலோடு அடுத்தடுத்து வைத்து விற்கிறோம், ஆனால் அது பாரைக் குடும்பம். வெள்ளை வாவலுக்கு அதைவிட சூரைதான் நெருங்கிய சொந்தம்.

தாமிரபரணியில் பிடிபடும் விலாங்கின் கதையும் இப்படித்தான். 2010ல் ஜப்பானியக் குழு முழு மைட்டோஜீனோம்களை வைத்துப் பார்த்தபோது, நன்னீர் விலாங்குகளுக்கு நெருங்கிய உறவு ஆழ்கடலின் நடுநீரில் வாழும் விலாங்குகள் என்று வந்தது. ஆற்றில் வளர்ந்துவிட்டு முட்டையிட மட்டும் ஏன் அவ்வளவு தூரம் கடலுக்குப் போகிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

ஆனால் மைட்டோஜீனோமால் தீர்ந்த வழக்குகளில் எனக்குப் பிடித்தது திமிங்கில மீன். ஆழ்கடலில் மூன்று குடும்பங்கள் இருந்தன. ஒன்றில் எல்லாம் நீண்ட நாடா வால் கொண்ட சின்ன மீன்கள், மேல்மட்ட நீரில் வாழ்பவை, முதிர்ந்த மீன் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது குடும்பத்தில் பெரிய மூக்கு, எல்லாமே ஆண். மூன்றாவதுதான் திமிங்கில மீன்: பெரிய வாய், பொட்டுக் கண், எல்லாமே பெண். உருவ வகைப்பாட்டில் கரை கண்டவர்கள் மூன்றையும் தனித்தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். 2003ல் நாடா வால் மீனின் மைட்டோஜீனோமையும் திமிங்கில மீனுடையதையும் பக்கத்தில் வைத்தபோது கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. வகைப்பாட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஏதோ கலந்துவிட்டது என்ற சந்தேகம். பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவ் ஜான்சனும் மற்றவர்களும் உருமாற்றத்தின் நடுவில் இருந்த மீன்களையும் தேடிப் பிடித்து 2009ல் முடித்து வைத்தார்கள்: நாடா வால் குஞ்சு, பெரு மூக்கு ஆண், பெரு வாய் பெண். மூன்றும் ஒரே குடும்பம். ஆண் வளரும்போது உணவுக்குழலையும் இரைப்பையையும் இழந்துவிடுகிறது, குஞ்சுப் பருவத்தில் தின்றதைப் பெரிய ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டு அதிலேயே காலம் தள்ளுகிறது. டிஎன்ஏ துப்புக் கொடுத்தது, வழக்கை முடித்தது கையில் எடுத்துப் பார்த்த மீன்.

இனி குறைகள். முதல் குறை, தளத்தின் குறை என்று சொல்வதைவிட எதிர்பார்ப்பின் குறை. இங்கே முழு ஜீனோம்களை வைத்து ட்ரீ (உறவு மரம்) போட்டுத் தர மாட்டார்கள். வரிசைகளை இறக்கி, அலைன் செய்து (எழுத்துக்கு எழுத்து நேராக அடுக்கி), கோடான் என்ற மூன்றெழுத்துத் தொகுப்பின் மூன்றாம் இடங்களை என்ன செய்வது என்று முடிவெடுத்து, என்டி6ஐச் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்து, நீங்களேதான் போட வேண்டும். மூன்றாம் இடம்தான் வேகமாக மாறித் தேய்ந்துபோவது. தூரத்து உறவு பார்க்கும்போது அதை அப்படியே வைத்துக்கொண்டு ட்ரீ போட்டு, கிளைக்கெல்லாம் நம்பகத்தில் நூறு மதிப்பு வந்துவிட்டது என்று மகிழும் ஆய்வேடுகளைப் பார்த்து அலுத்துவிட்டது.

இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியாவின் குறை. ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பாட்டிமார் வழியாக மட்டும் கேட்பது மாதிரிதான் இது, தாத்தாமார் கதை வரவே வராது. சூரைகளில் இதற்கு அச்சு அசலான உதாரணம் இருக்கிறது. பசிபிக் நீலத்துடுப்புச் சூரையை மைட்டோகாண்ட்ரியாவில் பார்த்தால் ஆல்பகோர் என்ற இன்னொரு சூரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எந்தக் காலத்திலோ இரண்டும் கலந்து, ஆல்பகோரின் மைட்டோகாண்ட்ரியா அதற்குள் நுழைந்து தங்கிவிட்டது. உட்கரு டிஎன்ஏவைப் பெரிய அளவில் படித்துப் பார்த்த 2016 ஆய்வில் அது அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையின் உடன்பிறப்பாகவே வந்தது. எத்தனை மைட்டோஜீனோம் சேர்த்தாலும் இந்தத் தப்பு சரியாகாது. சூரைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கரு மரபணு இல்லாமல் உறவுமுறை பற்றி அடித்துப் பேச வேண்டாம்.

மூன்றாவது, பெயர். தளத்தில் இருக்கும் வரிசை எந்த மீனிலிருந்து எடுத்ததோ அந்த மீனுக்கு யாரோ வைத்த பெயர்தான் அதற்கும் பெயர். மடவையை எடுத்துக்கொள்ளுங்கள். மியூஜில் செஃபாலஸ் என்று உலகம் முழுக்க ஒரே பெயரில் எழுதிவருகிறோம், மைட்டோகாண்ட்ரியா அதில் ஒரு டஜனுக்கு மேல் தனித்தனி வம்சங்களைக் காட்டுகிறது. அந்தப் பெயரில் இறக்கும் வரிசை நம் கடல் மடவையா, மத்தியதரைக் கடல் மடவையா என்று பிடித்த இடத்தைத் தேடிப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. காரல் மீன்களிலும் பெயர் தகராறு உண்டு, இங்கே விரித்தால் முடியாது.

மைஃபிஷ் பற்றி. மீன்கள் நீரில் உதிர்க்கும் டிஎன்ஏவை வைத்து, ஒரு வாளிக் கடல்நீரிலிருந்து எந்தெந்த மீன் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறைக்கு இது. 12எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவில் சுமார் 170 எழுத்து நீளத் துண்டைப் படிக்கிறது. 2015ல் ஒகினாவா சுராவ்மி மீன் காட்சியகத்தில், தொட்டிகளில் என்னென்ன மீன் இருக்கிறது என்று தெரிந்த நீரில் சோதித்து, 180 இனங்களில் 168ஐப் பிடித்தார்கள். கருவி அருமை, ஆனால் பட்டியலில் ஏற்கெனவே 12எஸ் வரிசை உள்ள மீனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடும். இந்திய மீன்களுக்கு சிஓஐ நிறைய இருக்கிறது, லக்னோ தேசிய மீன் மரபுவள நிறுவனத்தார் 2011லேயே 115 கடல் இனங்களுக்குப் போட்டார்கள். 12எஸ் அந்த அளவுக்கு இல்லை. நம் கடல் நீரைக் கொடுத்தால் சில இடங்களில் ஏதோ ஜப்பானிய ஒன்றுவிட்ட தம்பியின் பெயரைச் சொல்லிவிடும். பேரினம் வரை நம்புங்கள், இனப்பெயருக்குக் கையில் மீன் வேண்டும்.

காசு வாங்கும் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைட்டோஃபிஷ் இலவசம்தான், அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வரிசை இலவசம் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினோம். சொன்ன தேதி தாண்டி, நாலு தடவை போன் போட்ட பிறகு வந்த கோப்பில் ‘முழு வட்டம்’ என்று எழுதியிருந்தது. அனோட்டேட்டரில் போட்டால் 37 மரபணுவும் வந்தது, கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் நொண்டியடித்தது. அங்கே ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், சின்னச் சின்ன வாசிப்புகளை ஒட்டும்போது அந்தத் திரும்பல்களைச் சுருக்கிவிட்டு வட்டத்தை மூடிவிட்டார்கள். மூல வாசிப்புகளைக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம்! பணம் கட்டும் முன்பே ஃபாஸ்ட்க்யூ (மூல வாசிப்பு) கோப்பு எங்களுக்கு வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டம் மூடுகிற இடத்துக்குக் குறுக்கே பிரைமர் போட்டு ஒரு சாங்கர் வாசிப்பு (ஒரே துண்டை நீளமாகப் படிக்கும் பழைய முறை) எடுத்துவிட்டால் மனசு நிம்மதி.

எடுத்தவுடனே முழு ஜீனோமுக்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சிஓஐ ஒரு வாசிப்பு, பிளாஸ்டில் (வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி) போட்டுப் பாருங்கள், மீன் நீங்கள் நினைக்கிற மீன்தானா என்று உறுதி செய்யுங்கள். புகைப்படம், துடுப்புக் கதிர் எண்ணிக்கை, பிடித்த இடம், தேதி, உடம்பை ஜாடியில் பாதுகாத்த எண், எல்லாம் பதிவேட்டில் ஏறிய பிறகு ஜீனோமுக்குப் போகலாம்.

மதிப்பெண் கேட்டால், அனோட்டேட்டருக்கு ஐந்துக்கு ஐந்து. தரவுத்தளத்துக்கு நாலரை. பிடித்த இடத்தை வைத்துத் தேடவும், மாதிரி உடம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் வசதி வந்தால் மீதி அரையும் தரலாம். மைஃபிஷுக்கு இப்போதைக்கு மூன்றரை. அதில் குறைகிற ஒன்றரையை டோக்கியோவில் கேட்டுப் பயனில்லை, நம் கடல் மீன்களின் 12எஸ் வரிசையை நாம்தான் படித்துப் போட வேண்டும். எங்கள் பங்குக்குக் காரல்களை ஆரம்பித்திருக்கிறோம். பாம்பன், நாகப்பட்டினம், பழவேற்காடு பக்கம் யாராவது செய்துகொண்டிருந்தால் எந்த இனங்கள் என்று சொல்லுங்கள், ஒரே மீனை இரண்டு பேரும் படிக்க வேண்டாம்.